வாய்ப்புற்றில் கலங்கள் பிடியை விடுகின்றனவா, பிடியை மாற்றுகின்றனவா?

ஒட்டுசுட்டானிலிருந்து கேட்டிருக்கும் தம்பிக்கு,

மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்பதற்காக உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 58 வயது. இடது கடவாய்க் கன்னத்தில் ஒன்றரைச் சென்ரிமீற்றர் அளவில் ஆறாத புண். பயொப்சி ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. ஊடுருவும் விளிம்பில் கலங்கள் ஒன்றோடொன்று சேராமல், சிறு கூட்டங்களாகவும் தனித்தனியாகவும் கிடக்கின்றன என்று ஒரு வரியும் இருக்கிறது. ஸ்கானில் ஆழம் 5 மில்லிமீற்றரைத் தாண்டியிருக்கிறது. கழுத்தில் கட்டி எதுவும் தட்டுப்படவில்லை, ஆனாலும் கழுத்தைத் திறந்து நிணநீர்க் கணுக்களையும் எடுக்கவேண்டும் என்கிறார்கள். நீங்கள் இணையத்தில் தேடியதில், கலங்களை ஒட்டிவைக்கும் புரதங்கள் குறைவதால்தான் இந்த நோய் வருகிறது என்று வாசித்திருக்கிறீர்கள். அப்படியென்றால் அந்தப் புரதத்தைக் கூட்ட மருந்தோ சாப்பாடோ இல்லையா, கழுத்தை ஏன் வெட்டவேண்டும் என்று கேட்கிறீர்கள்.

கழுத்துச் சத்திரசிகிச்சைக்குச் சம்மதியுங்கள். இதை முதலே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மிச்சத்தை வாசிக்காமல் விட்டாலும் இது உங்களுக்குப் போய்ச்சேரவேண்டும். புரதத்தைக் கூட்டும் மருந்து இன்று கையில் இல்லை. ஏன் இல்லை என்பதும், ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரி ஏன் எழுதப்பட்டது என்பதும் நிதானமாய்ச் சொல்லவேண்டிய சங்கதி. நான் மல்லாவிப் பக்கம் பிறந்தவன், வாய் இழையங்களை நுணுக்குக்காட்டியில் பார்ப்பதே என் தொழில். நீங்கள் ஏ.எல். உயிரியல் படித்தவர் என்று எழுதியிருப்பதால் கொஞ்சம் உள்ளே போய்ச் சொல்கிறேன்.

கன்னத்தின் உட்புறத் தோல் பல அடுக்குக் கலங்களால் ஆனது. அடியில் உள்ள கலங்கள் பிரிந்து பெருகி மேலே தள்ளப்பட்டு, ஏறக்குறைய இரண்டு கிழமையில் உதிர்ந்துபோகின்றன. நாள் முழுக்க மென்று, உரசி, சூடு குடிக்கிற இடம். ஆனாலும் பிய்ந்துபோவதில்லை. காரணத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். நடு அடுக்கின் கலங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு கலத்தைச் சுற்றியும் முள் முள்ளாய் நீட்டிக்கொண்டிருக்கும். உண்மையில் அவை முட்கள் அல்ல. இழையத்தைப் பதப்படுத்தும்போது கலங்கள் சுருங்குகின்றன. சுருங்கியும் பிடியை விடாத புள்ளிகள் மட்டும் இழுபட்டு நிற்கின்றன. அந்தப் புள்ளிகளுக்கு டெஸ்மோசோம் என்று பெயர். டெஸ்மோகிளீன், டெஸ்மோகொலின் என்ற புரதங்கள் வெளியே பக்கத்துக் கலத்தின் கையைப் பிடிக்க, உள்ளே கெரற்றின் நார்கள் அந்தக் கையைக் கட்டி இழுத்து வைத்திருக்கின்றன.

இன்னொரு பிடி ஈ-கட்ஹெரின். நீங்கள் வாசித்தது பெரும்பாலும் இதைப் பற்றித்தான் இருக்கும். இதுவும் கலத்தின் மென்சவ்வைத் துளைத்து நிற்கும் புரதம். வெளித்தலை எதிர்க்கலத்தின் ஈ-கட்ஹெரினோடு கோர்த்துக்கொள்ளும், உள்வால் கட்டெனின்கள் என்ற புரதங்களின் வழியாக அக்ரின் இழைகளோடு கட்டுப்பட்டிருக்கும். நம்மூர்க் கதியால் வேலியை நினைத்துக்கொள்ளுங்கள். கதியால் தனியே நின்றால் மாடு தள்ளிவிடும். குறுக்கே வரிச்சுப் பிடித்து இறுக்கிக் கட்டினால்தான் வேலி. கட்டெனின்கள் அந்த வரிச்சின் வேலையைச் செய்கின்றன.

இந்தப் பிடிக்குக் கல்சியம் வேண்டும். 1970களின் பிற்பகுதியில் யப்பானிய ஆய்வாளர் மசாதோஷி தகேச்சி, கலங்கள் ஒட்டுவதில் ஒரு பகுதி கல்சியம் இருந்தால் மட்டுமே நடக்கிறது என்று கண்டார். அந்த வழியில் போய்த்தான் கட்ஹெரின்கள் அடையாளம் காணப்பட்டன. இதைச் சொன்னதும் எனக்குப் பயமும் வருகிறது. கல்சியக் குளிசை வாங்கலாமா என்று யாராவது கேட்பார்கள். ஒருவர் என்னிடம் இன்னும் ஒருபடி மேலே போய், “வெத்திலைக்குப் போடுற சுண்ணாம்பிலையும் கல்சியம்தானே இருக்கு, அது நல்லதுதானே” என்று கேட்டிருக்கிறார். நல்லதல்ல. இரத்தத்தில் கல்சியம் மிகக் குறுகிய எல்லைக்குள் எப்போதும் காக்கப்படுகிறது. குளிசை போட்டுப் புற்றுநோய்க் கலத்தின் ஒட்டைக் கூட்டமுடியாது. சுண்ணாம்பு செய்வது வேறு வேலை. வாயின் காரத்தன்மையைக் கூட்டி, பாக்கிலிருந்து ஒட்சியேற்றத் தாக்கம் செய்யும் மூலிகங்கள் உண்டாக வழிவிடுகிறது. அவை டீஎன்ஏயைக் காயப்படுத்துகின்றன.

இப்போது உங்கள் முதற்கேள்வி. ஒட்டு விட்டுப்போவதால்தான் புற்றுநோய் தொடங்குகிறதா?

பெம்பிகஸ் வல்காரிஸ் என்று ஒரு நோய் இருக்கிறது. உடம்பே டெஸ்மோகிளீன் 3க்கு எதிராகப் பிறபொருளெதிரிகளைச் செய்து அந்தப் பிடியைக் கழற்றிவிடும். பெரும்பாலும் வாயில்தான் முதலில் தெரியும். கொப்புளம் வந்து உடைந்து, கன்னத்தோல் உரிந்து, தண்ணீர் குடிக்கவே அழுவார்கள். சிலைட்டில் பார்த்தால் கலங்கள் ஒன்றையொன்று விட்டு உருண்டை உருண்டையாய் மிதக்கும். ஒட்டு போவதென்றால் இதைவிட மோசமாகப் போகமுடியாது. ஆனால் அது புற்றுநோய் அல்ல. அந்தக் கலங்கள் பிடியை இழந்தாலும் ஒழுங்கை இழக்கவில்லை. எங்கே பெருகவேண்டும், எங்கே நிறுத்தவேண்டும் என்று அவற்றுக்குத் தெரியும். கீழே இறங்கி அடுத்த வளவுக்குள் புகுவதில்லை.

வாய்ப்புற்றின் தொடக்கம் பரம்பரையலகுகளில் இருக்கிறது. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுக்கட்டிகள் 279இன் டீஎன்ஏயை வாசித்து 2015இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில் எழுபது வீதத்துக்கு மேற்பட்டவற்றில் ரீபீ53 என்ற காவல் பரம்பரையலகு பழுதுபட்டிருந்தது. ஈ-கட்ஹெரினைச் செய்யும் சீடீஎச்1 இந்த நோயில் அரிதாகத்தான் விகாரமடைகிறது. பெரும்பாலும் அது உடையாமல், மேலே மீதைல் கூட்டங்கள் படிந்தோ, ஸ்னெயில், ஸ்லக் போன்ற கட்டுப்பாட்டுப் புரதங்கள் அழுத்தியோ அடக்கிவைக்கப்படுகிறது. விளக்கு உடையவில்லை, யாரோ சுவிச்சை அணைத்திருக்கிறார்கள். விதிவிலக்காக ஒன்றைச் சொல்லவேண்டும்: எஃப்ஏரீ1 என்ற, கட்ஹெரின் குடும்பத்தின் பெரிய உருவமுள்ள உறவுக்காரப் புரதம். அதன் பரம்பரையலகு அதே ஆய்வில் ஏறத்தாழ 23 வீதமான கட்டிகளில் விகாரமடைந்திருந்தது. ஆகவே ஒட்டுப் புரதங்களுக்குத் தொடக்கத்தில் பங்கே இல்லை என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் அவற்றின் பெரிய பங்கு நடுவிலும் கடைசியிலும், கட்டி இருந்த இடத்தைவிட்டு நடக்கத் தொடங்கும்போது.

நீங்கள் வாசித்த கட்டுரையில் கோணல் என்று நான் நினைப்பது இதைத்தான். புற்றுநோய்க் கலம் ஒட்டே இல்லாத கலம் அல்ல. எதையும் பிடிக்காமல் கழன்றுபோன சாதாரண மேலணிக் கலம் (மேற்பரப்பை மூடும் தோலடுக்கின் கலம்) செத்துப்போகும், அதற்கென்றே உடம்பில் ஒரு தற்கொலை ஏற்பாடு இருக்கிறது. பரவுகிற கலம் பழைய அயலவர் கையை விட்டுவிட்டுப் புதிய இடத்தில் கை வைக்கிறது. ஈ-கட்ஹெரினைக் குறைத்து என்-கட்ஹெரினைக் கூட்டிக்கொள்வது அப்படி ஒரு மாற்றம். மற்றொரு மாற்றம் நம் ஊர்ப் பழக்கத்தோடு நேரே தொடர்புபட்டது.

இன்டெகிரின் என்பவை கலத்தை அதன் அடிநிலத்தோடு பிடித்துவைக்கும் புரதங்கள். அடியடுக்குக் கலங்களை அடிமென்சவ்வோடு கட்டிவைப்பது அல்பா6பீற்றா4 என்ற இன்டெகிரின். அந்தச் சவ்வு வயலுக்கு வரம்பு போல. மேலணி இந்தப்பக்கம், இரத்தக்குழாயும் நரம்பும் தசையும் அந்தப்பக்கம். ஆனால் அல்பா-வீ-பீற்றா6 என்று இன்னொரு இன்டெகிரின் இருக்கிறது. வளர்ந்தவரின் ஆரோக்கியமான வாய்த்தோலில் அதைக் காண்பது கடினம். காயம் ஆறும்போது சில நாள் வந்து, கலங்கள் ஊர்ந்து காயத்தை மூட உதவிவிட்டுப் போய்விடும். வாய்ப்புற்றில் அது வந்தது வந்ததுதான், போவதில்லை. கலம் ஊர்ந்து போவதற்கு அது கை கொடுக்கிறது. அதோடு, அருகே மூடி போட்டுச் செயலற்றுக் கிடக்கும் ரீஜீஎஃப்-பீற்றா என்ற சைகைப் புரதத்தின் மூடியை இழுத்துத் திறந்தும் விடுகிறது. திறந்தால் நார் படியும், பக்கத்துக் கலங்களும் பிடியைத் தளர்த்தத் தொடங்கும்.

இதைக் கூட்டிவிடுவது எது தெரியுமா? பாக்கிலுள்ள அரிகொலின். பாக்கின் இந்தச் சாரம் வாய்த்தோல் கலங்களில் அல்பா-வீ-பீற்றா6இனைக் கூட்டுகிறது என்று 2011இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. வெத்திலை போடுகிறவர்களுக்கு வரும் அடிநார்த்தடிப்பு நோயிலும் (வாய்த்தோலின் அடியில் நார் படிந்து தடிக்கும் நோய்) அதே இன்டெகிரின் கூடுதலாகக் காணப்பட்டது. பாக்கில் செம்பும் அதிகம். அது நார்களை ஒன்றோடொன்று குறுக்கே பிணைக்கும் நொதியத்தைத் தூண்டுகிறது. ஆகையால்தான் கன்னம் பலகைபோல் விறைத்து, வாய் திறப்பது குறைந்துகொண்டே போகிறது.

புகையிலை வைக்காமல் வெறும் பாக்கு வெத்திலைதானே என்று சொல்பவர்கள் வன்னியில் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். புகையிலை சேராத வெத்திலைக்கூட்டும் பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இலேயே முடிவுசெய்துவிட்டது. புகையிலை சேர்த்தால் ஆபத்து மேலும் கூடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் அம்மம்மாவைச் சொல்லவேண்டும். குழம்பு கூட்டும்போது தூள் போடுவதற்கு முன்பே அவவுக்கென்று ஒரு சட்டியில் கொஞ்சம் எடுத்துவைப்பார்கள். “வயசு போட்டுது, உறைப்புத் தாங்காது” என்பது வீட்டுப் பேச்சு. அவவின் மடியில் எப்போதும் கொட்டப்பெட்டி இருக்கும். கொட்டாவி விடும்போது வாய் பாதிதான் திறக்கும், நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். உறைப்பு எரிவும் திறக்காத வாயும் வயதால் வந்தவை அல்ல என்று நான் பல வருசம் கழித்துப் பாடப்புத்தகத்தில்தான் படித்தேன். கேரளத்தில் இந்த நார்த்தடிப்பு நோயுள்ள 66 பேரை 17 வருசம் தொடர்ந்து பார்த்தபோது 5 பேருக்கு வாய்ப்புற்று வந்தது. எல்லோருக்கும் வருவதில்லை. ஆனால் கன்னத்தின் பிடிகள் ஏற்கெனவே குழம்பிப்போன நிலம் அது.

சரி, ரிப்போர்ட்டில் உள்ள அந்த வரிக்கு வருகிறேன்.

கட்டியின் நடுப்பகுதியைச் சிலைட்டில் பார்த்தால் பெரும்பாலும் அமைதியாகத்தான் இருக்கும். கலங்கள் கூட்டமாக, ஓரளவு தாய் இழையத்தின் சாயலோடு இருக்கும். ஈ-கட்ஹெரினுக்குக் கபில நிறம் ஊட்டிப் பார்த்தால் ஒவ்வொரு கலத்தின் ஓரத்திலும் கோடு விழுந்து முழுதும் தேன்வதைபோலத் தெரியும். சிலைட்டை நகர்த்தி, கட்டி தசையைத் தொடும் ஆழமான ஓரத்துக்கு வாருங்கள். சிலரில் அங்கேயும் ஓரம் அகலமாய், வயல் வரம்புபோல் ஒரே கோடாய் இருக்கும். சிலரிலோ தேன்வதை கலைந்துபோயிருக்கும். கபிலக்கோடு மங்கி, துண்டு துண்டாகி, நாலு கலம், மூன்று கலம், பிறகு ஒற்றை ஒற்றையாய் எறும்பு போன தடம்போல் தசைநார்களுக்கிடையே போய்க்கொண்டிருக்கும். ஒரு நரம்பைச் சுற்றி வளைத்திருப்பதையும் பார்க்கலாம். ஒரே கட்டி, ஒரே சிலைட், நாலைந்து மில்லிமீற்றர் இடைவெளியில் இரண்டு குணம். அம்மாவின் ரிப்போர்ட்டை எழுதியவர் பார்த்தது இந்த இரண்டாவது ஓரத்தை. கலம் பிடியை மாற்றிக்கொண்டிருக்கிறது என்பதைத்தான் அந்த வரி சொல்கிறது.

2017இல் வாய்ப்புற்று நோயாளர் 18 பேரின் ஏறத்தாழ 6000 கலங்களைத் தனித்தனியே ஆராய்ந்தவர்கள் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். ஓரத்தில் நிற்கும் கலங்கள் மேலணிக் குணத்தை முழுதாகக் கைவிடவில்லை. பாதிதான் மாறியிருந்தன. ஈ-கட்ஹெரினைக்கூட முழுதாகத் தொலைக்கவில்லை. இந்தப் பாதி மாற்றம் அதிகமாயிருந்த கட்டிகளில் கழுத்துக் கணுக்களுக்குப் பரவுவதும் அதிகமாயிருந்தது. எனக்கு இது மிக நியாயமாகப் படுகிறது. முழுதாய்ப் பிடியை விட்டவனைவிட, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் துழாவுகிறவன்தான் தூரம் போவான்.

இங்கேதான் மருந்துக் கதையும் முடிச்சு விழுகிறது. உடம்பில் கூடிப்போன ஒன்றை மருந்து கொடுத்து மறிப்பது ஒப்பீட்டளவில் இலகு. குறைந்துபோன ஒட்டுப் புரதத்தை ஊசியால் ஏற்றமுடியாது, அந்தந்தக் கலமே செய்து தன் மென்சவ்வில் பொருத்தவேண்டியது அது. இன்னொரு சிக்கலும் உண்டு. கழுத்துக் கணுவில் போய்க் குடியேறிய கலங்கள் பலதடவை ஈ-கட்ஹெரினை மறுபடி செய்யத் தொடங்குகின்றன. நடக்கும்போது தளர்த்துகிறது, குடியிருக்கும்போது இறுக்குகிறது. சுவிச்சை அணைத்தவனே திரும்பப் போடுகிறான். அப்படியிருக்க, ஈ-கட்ஹெரினைக் கூட்டும் மருந்தொன்று வந்தாலும், கணுவில் ஏற்கெனவே இருக்கிற கலத்துக்கு அது கேடா வசதியா என்று யோசிக்கத்தான் வேண்டும். மஞ்சள், கருஞ்சீரகம், முள்ளுச்சீத்தா என்று உங்களுக்கு வருகிற வட்ஸ்அப் செய்திகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆய்வுகூடத் தட்டில் ஒரு புரதம் கூடியதென்பதும் அம்மாவின் கன்னத்தில் கூடுமென்பதும் ஒன்றல்ல. அதற்காக ஒரு கிழமைகூட இழக்காதீர்கள்.

ஈ-கட்ஹெரின் சோதனையைத் தனியாகக் காசு கட்டிச் செய்விக்கவும் வேண்டாம். அது குறைந்த கட்டிகள் பொதுவாக மோசமாக நடந்துகொள்கின்றன என்று பல ஆய்வுகள் சொல்வது உண்மை. ஆனால் எந்தச் சிகிச்சை என்பதை அந்தச் சோதனை தீர்மானிப்பதில்லை. ஆழம், வெட்டின் விளிம்பு, நரம்பைச் சுற்றியிருக்கிறதா, கணுவுக்குப் போயிருக்கிறதா, கணுவின் உறையை உடைத்திருக்கிறதா என்பவைதான் தீர்மானிக்கின்றன. சத்திரசிகிச்சைக்குப் பிறகு வரும் ரிப்போர்ட்டில் இவற்றைத் தேடிப் பாருங்கள், டொக்டரிடம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

ஆழத்துக்கு ஏன் இத்தனை மரியாதை? 2018 முதல் நடைமுறைக்கு வந்த நிலை வகுப்பில் 2 சென்ரிமீற்றருக்கு உட்பட்ட சின்னப் புண்ணும் 5 மில்லிமீற்றருக்கு மேல் ஆழமாயிருந்தால் முதலாம் தரத்திலிருந்து இரண்டாம் தரத்துக்கு ஏற்றப்படுகிறது. ஆழத்தில்தான் நிணநீர்க் குழாய்கள் கிடக்கின்றன. பிடியை மாற்றிய ஒற்றைக் கலம் அதற்குள் விழுந்தால் கழுத்துக்குப் போய்விடும். கணுவில் அது சில ஆயிரம் கலங்களாய் இருக்கும்போது உங்கள் விரலுக்கும் தெரியாது, டொக்டரின் விரலுக்கும் தெரியாது, பலதடவை ஸ்கானுக்கும் தெரியாது.

கட்டி தட்டுப்படட்டும், பிறகு பார்ப்போம் என்று இருந்தால் என்ன? இதற்கு நம்மைப் போன்ற சனத்திலேயே விடை தேடியிருக்கிறார்கள். மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனையில், ஆரம்ப நிலை வாய்ப்புற்று இருந்து கழுத்தில் எதுவும் தட்டுப்படாத ஏறத்தாழ 500 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு வாயோடு சேர்த்துக் கழுத்தையும் செய்தார்கள். மற்றப் பகுதியினருக்குக் கணு தெரிந்தபிறகு செய்தார்கள். 2015இல் முடிவு வந்தது. 3 வருசத்தில் முதற்பகுதியில் 80 வீதமானோரும் மற்றப் பகுதியில் 67.5 வீதமானோரும் உயிரோடு இருந்தார்கள். அம்மாவின் டொக்டர் சொல்வது இந்தக் கணக்கில் நின்றுதான்.

கழுத்துச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு தோள் கொஞ்ச நாள் நோகும், கையைத் தலைக்கு மேல் தூக்கக் கஷ்டப்படுவா. பயிற்சி சொல்லித் தருவார்கள், அதை விடாமல் செய்விக்கவேண்டும். ரிப்போர்ட்டைப் பார்த்துக் கதிர்வீச்சும் தேவை என்றால் அது வழமையாக ஆறு கிழமையளவு, கிழமைக்கு ஐந்து நாள். பரந்தன் ஏறி யாழ்ப்பாணம் போய் அங்கிருந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரி என்று தினம் பஸ்ஸில் அலைய அவவால் முடியாது. தங்க ஓர் இடத்தை இப்போதே விசாரித்து வையுங்கள். கதிர்வீச்சுக்கு முன்பே ஆட்டம் கண்ட பற்களைக் கழற்றி முடித்துவிடவேண்டும், பிறகு கழற்றினால் தாடையெலும்பு ஆறாமல் போகலாம். சூடு அடித்து முடியட்டும், நெல்லு விற்றுக் காசு வரட்டும் என்று மாமா சொல்கிறார் என எழுதியிருந்தீர்கள். காலபோக நெல்லை இன்னொருவர் வெட்டலாம். திகதி கிடைத்தால் அந்தத் திகதிக்குப் போங்கள்.

இனி வெத்திலை. அம்மா இப்போது புண் இல்லாத வலது பக்கத்தில் வைத்துச் சப்புகிறா என்றிருந்தீர்கள். அந்தக் கன்னமும் இத்தனை வருசம் அதே சாற்றில் ஊறியதுதான். நான் மேலே சொன்ன பிடி மாற்றங்கள் கண்ணுக்குத் தெரியும் புண்ணோடு நின்றுவிடுவதில்லை. ஒரு பக்கம் சுகப்படுத்தி அனுப்ப, சில வருசத்தில் மற்றப் பக்கத்தில் புதிதாய் ஒன்றோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். திட்டாதீர்கள், திட்டினால் ஒளித்துப் போடுவா. வாயில் மெல்ல வேறு ஏதாவது கொடுத்து, முதலில் பாக்கையும் புகையிலையையும் வீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள்: அம்மாவும் பெரியம்மாவும் சின்ன வயதிலிருந்து ஒரே வட்டாவில் வெத்திலை போட்டவர்கள், பெரியம்மாவுக்கு ஒன்றும் இல்லை, சம்பல்தான் இப்போது சாப்பிடமாட்டா என்று. இன்றைக்கே பெரியம்மாவிடம் போய், அவவுடைய சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் சேர்த்து நிமிர்த்தி, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் இடையே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று விரலும் நுழையாவிட்டால், அம்மாவின் அடுத்த கிளினிக்குக்கு அவவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.